ஞாயிற்றுக்கிழமைப் பட்டியல்

எங்கள் கட்டடத்தில் நான்கு வீடு. நான்கும் தமிழ் வீடு. நான்குக்கும் சேர்த்து ஒரே இணைய இணைப்பு. கீழ் வீட்டு மாமாவின் செருப்பு அலமாரிக்கு மேலே ஒரு கறுப்புப் பெட்டி இருக்கிறது. அதிலிருந்து கம்பி மாடிப்படி ஓரமாக ஏறி வீட்டுக்கு வீடு வருகிறது. வங்காளத்தில் நாங்கள் குடியிருக்கும் இந்த லேக் கார்டன்ஸ் பேட்டையில் வேறு எந்தக் கட்டடத்திலும் இப்படி இருப்பதாக நான் கேள்விப்பட்டதில்லை. எதிர் வீட்டு வங்காளிகள் மீன் குழம்பைக்கூட கிண்ணத்தில் ஊற்றி அடுத்த வீட்டுக்கு அனுப்புவார்கள், ஆனால் இணைப்பு அவரவருக்குத் தனி. நாங்கள்தான் மாவரைக்கும் கிரைண்டரில் ஆரம்பித்து, ஒரே தமிழ் வாரப் பத்திரிகையை நான்கு வீட்டுக்கும் சுற்ற விட்டு, கடைசியில் இணையத்தையும் ஒரே குழாயில் பிடித்துக்கொண்டோம். இதற்கு ஒற்றுமை என்று மாமா பெயர் வைத்திருக்கிறார். கஞ்சத்தனம் என்று நான் பெயர் வைத்திருக்கிறேன், மனதுக்குள்.

மாமா யார் என்று சொல்லிவிடுகிறேன். எனக்குச் சொந்தம் ஒன்றுமில்லை. எங்கள் கட்டடத்தில் எல்லா ஆண்களும் மாமா, எல்லாப் பெண்களும் மாமி; நான் இரண்டாம் மாடி மாமி. இவர் கார்டன் ரீச் ரயில்வே ஆபீஸில் முப்பத்தைந்து வருஷம் அடுத்தவர் ஃபைலில் சிவப்பு மையால் குறிப்பு எழுதிவிட்டு ஓய்வு பெற்றவர். ஆபீஸிலிருந்துதான் ஓய்வு, குறிப்பு எழுதுவதிலிருந்து இல்லை. யார் வீட்டு வாசலில் செருப்பு கோணலாகக் கிடக்கிறது, யார் வீட்டுக் குக்கர் ஏழாவது விசிலுக்கும் இறக்கப்படாமல் கத்துகிறது, எல்லாம் அவர் கவனத்துக்கு வந்தாக வேண்டும். கட்டடத்தின் செயலாளரும் அவரே. யாரும் தேர்ந்தெடுக்கவில்லை. ஒருநாள் மீட்டர் பெட்டியின் சாவியைத் தன் பூணூலில் முடிந்துகொண்டார், அன்றிலிருந்து செயலாளர்.

இணையதளம் ஒவ்வொன்றுக்கும் நாம் கூப்பிட ஒரு பெயர் உண்டு, கம்ப்யூட்டர் போய்ச் சேர ஓர் எண் உண்டு. பெயரைத் தட்டியதும் கம்ப்யூட்டர், இதற்கு எண் என்ன என்று வெளியே விசாரிக்கிறது. அந்த விசாரிப்புக்குத்தான் டிஎன்எஸ் என்று பெயர். விசாரிப்பு ஒளிவு மறைவில்லாமல் போகும், பேட்டை கிளப்பில் கேரம் ஆடுகிறவர்களுக்கு நடுவே நின்று மூல வியாதி டாக்டர் வீடு எது என்று உரக்கக் கேட்பது போல. வழியில் உட்கார்ந்திருக்கும் கறுப்புப் பெட்டி, யார் வீட்டிலிருந்து எந்தப் பெயரைக் கேட்டார்கள் என்று ஒன்று விடாமல் எழுதி வைத்துக்கொள்ளும், எழுதச் சொன்னால். குழந்தைகள் கண்டதையும் பார்த்துக் கெட்டுப்போகிறார்கள் என்று சொல்லி மாமா எழுதச் சொன்னார். அப்போது கட்டடத்தில் இருந்த ஒரே குழந்தைக்கு வயது மூன்று.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு, மாடிப்படி திரும்பும் இடத்தில் நாற்காலி போட்டு, மாமா அந்த வாரத்துப் பட்டியலை வாசிப்பார். நான்கு வீட்டிலிருந்தும் காபி டம்ளரோடு வந்து படிகளில் உட்காருவோம். பட்டியலில் வெறும் பெயர்தான் வரும். உள்ளே போய் என்ன பார்த்தார்கள் என்று வராது. அந்தக் குறையை மாமா தன் சொந்த மூளையால் நிரப்புவார். முதல் மாடி மாமி பல் டாக்டரின் தளத்தைப் பார்த்தால் அவருக்குப் பல் செட் வரப்போகிறது. நான் ஒரு தடவை சிறுநீரக ஆஸ்பத்திரி ஒன்றின் தளத்துக்குப் போனேன். எங்கள் தமிழ்ச் சங்கத்து ஆண்டு மலரில் அவர்கள் விளம்பரம் வந்தது, முகவரியைச் சரிபார்க்கப் போனேன், அவ்வளவுதான். அடுத்த ஒரு வாரத்துக்கு என் வீட்டுக்கு மூன்று வீட்டிலிருந்தும் பார்லித் தண்ணீர் வந்தது. உப்பைக் குறைக்கும்படி மாமா என்னிடம் தனியாகச் சொன்னார்.

இதை ஏன் பொறுத்துக்கொண்டோம் என்று நீங்கள் கேட்கலாம். காரணம் வெட்கக்கேடானது. அடுத்த வீட்டுப் பட்டியலைக் கேட்கிற ருசிக்காக எங்கள் பட்டியலைக் கொடுத்துவிட்டோம். நானும் போய் உட்கார்ந்தவள்தான். பாங்க்கில் இருபத்தெட்டு வருஷம் அதிகாரியாக இருந்து, வாடிக்கையாளர் விவரங்களை வெளியே சொல்லக் கூடாது என்று எத்தனையோ பேருக்கு வகுப்பெடுத்த நான், இரண்டாவது டம்ளர் காபியும் எடுத்துக்கொண்டு போய், முதல் மாடிப் பெண் ஒரே வாரத்தில் நான்கு வரன் தேடும் தளங்களுக்குப் போனதைக் கேட்டுச் சிரித்தேன். எனக்கு ஒளிக்க ஒன்றும் இல்லாத வரைக்கும் அது நல்ல பொழுதுபோக்காகவே இருந்தது.

பிறகு எனக்கு ஒளிக்க ஒன்று வந்தது.

என் கணவர் போய் ஆறு வருஷமாகிறது. காலையில் ஏரியைச் சுற்றி நடக்கப் போவேன். அங்கே என்னைப் போலவே துணையை இழந்த ஒரு வங்காளி, ஓய்வு பெற்ற பூகோள வாத்தியார், இரண்டு வருஷமாக என்னோடு சேர்ந்து நடந்தார். முதல் வருஷம் வானிலை பேசினோம். இரண்டாவது வருஷம் மற்றதெல்லாம் பேசினோம். ஐம்பத்தெட்டு வயதில் பதிவுத் திருமணம் செய்துகொள்வது என்று முடிவெடுத்தோம். முடிவெடுத்த அன்றே அவர் தன் டீக்கடையில் போய்ச் சொல்லிவிட்டார். டீக்கடை, மீன் சந்தை, அவருடைய மகள், மகளின் மாமியார் என்று அரை நாளில் செய்தி சுற்றி வந்து, யாரோ வழியில் என்னைப் பார்த்து "கொங்கிராட்ஸ் பௌதி" என்றார்கள், அண்ணி முறை வைத்து. வங்காளிகளுக்கு ரகசியம் வைத்துக்கொள்ள வயிற்றில் இடமே கிடையாது.

எனக்கு இருந்தது. ஒரே காரணத்துக்காக. என் மகன்.

என் கணவர் ஆஸ்பத்திரியில் இறந்த அன்று, பெங்களூரில் இருக்கும் மகனுக்கு நான்தான் சொல்ல வேண்டும் என்று கையில் போனை வைத்துக்கொண்டு ஐந்து நிமிஷம் தைரியம் சேர்த்தேன். அந்த ஐந்து நிமிஷத்தில், ஆஸ்பத்திரிக்குக் கூட வந்திருந்த மாமா போன் போட்டுச் சொல்லிவிட்டார். என் மகன் பஸ்ஸில் நின்றுகொண்டே, தன் அப்பா போன செய்தியை அந்த ஆபீஸ் குரலில் கேட்டான். நான் கூப்பிட்டபோது, "தெரியும்மா, மாமா சொல்லிட்டார்" என்றான். அதற்காக நான் மாமாவை மன்னிக்கவில்லை. என்னையும் மன்னிக்கவில்லை. அதனால் இந்தத் தடவை அவன் என் வாயால், என் எதிரில் உட்கார்ந்து கேட்க வேண்டும். துர்கா பூஜா லீவுக்கு வருகிறான், அதற்கு இன்னும் இரண்டு மாதம்தான் இருந்தது. அதுவரை மாமாவின் காதுக்கு எட்டக் கூடாது. ஏரிக்கரை வங்காளிகளுக்கும் எங்கள் கட்டடத்துக்கும் பேச்சுவார்த்தை கிடையாது, நூறு வருஷம் ஒரே ஊரில் இருந்தும். முதல்முறையாக அது எனக்கு உபயோகப்பட்டது. அந்தப் பக்கம் பயமில்லை. பயமெல்லாம் பட்டியல்தான்.

ஏனென்றால் பதிவுக்கான விண்ணப்பம் இணையத்தில்தான் போட வேண்டும். படம் ஏற்ற வேண்டும், சான்றிதழ் ஏற்ற வேண்டும், நாள் கேட்க வேண்டும். அலிப்பூர் பதிவு ஆபீஸுக்கு நேரில் போய்க் கேட்டேன். "எல்லாம் ஆன்லைன், மாஷிமா" என்று, சித்தி முறை வைத்துச் சொல்லிவிட்டு அந்த மனிதர் ஆன்லைனில் கிரிக்கெட் பார்க்கப் போய்விட்டார். வாத்தியாரைச் செய்யச் சொல்லலாம் என்றால், பூமியின் அத்தனை நதிகளும் எங்கே பிறக்கின்றன என்று தெரிந்த அவருக்கு மின்னஞ்சல் எங்கே வருகிறது என்று தெரியாது. என்னிடம் இருப்பது பொத்தான் வைத்த போன். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் தினமும் காலை வணக்கம் வாங்குவதைவிடச் சாவது மேல் என்று நினைத்து, ஸ்மார்ட்போன் வாங்காமல் இருந்தவள் நான். தனி இணைப்பு எடுக்கலாம்; எங்கள் கட்டடத்தில் தனி இணைப்பு கேட்பது தனிக்குடித்தனம் கேட்பது மாதிரி, அதற்கு ஒரு கூட்டம் நடக்கும். மிஞ்சியது என் கம்ப்யூட்டர்.

அந்தக் கம்ப்யூட்டரில் ஓடுவது விண்டோஸ் ஏழு. அதைச் செய்தவர்களே கைகழுவிவிட்டுப் போய் வருஷங்கள் ஆகின்றன. புதிது வாங்க முடியாததால் இல்லை. சங்கத்து மலரை நான்தான் தட்டச்சு செய்து பக்கம் கட்டிக் கொடுக்கிறேன். அதற்கான பழைய தமிழ் மென்பொருள், பழைய எழுத்துருவோடு, அந்த ஏழில் மட்டும்தான் உயிரோடு இருக்கும். புது கம்ப்யூட்டரில் போட்டால் வாழ்த்துரையெல்லாம் கொக்கிகளும் வட்டங்களுமாக வரும். வாழ்த்துரைகள் அப்படி வந்தாலும் படிக்கிறவர்களுக்கு வித்தியாசம் தெரியாது என்பது என் அபிப்பிராயம். சங்கம் ஒப்புக்கொள்ளவில்லை.

விசாரிப்பை மறைத்து அனுப்ப வழி இருக்கிறது என்று படித்தேன். கேள்வியைப் பூட்டிய உறையில் போட்டு வெளியூர் விசாரணைக்காரர் ஒருவரிடம் நேராக அனுப்பிவிட்டால், நடுவில் இருக்கும் பெட்டிக்கு உறை போனது தெரியுமே தவிர உள்ளே எந்தப் பெயர் இருந்தது என்று தெரியாது. புது சிஸ்டங்களில் ஒரு பொத்தானை அழுத்தினால் போதுமாம். ஏழில் எப்படி என்று ஓர் இணைய மன்றத்தில் கேட்டேன். ஒருவன், அதைக் குப்பையில் போடு என்றான். இன்னொருவன், அதைக் குப்பையில் போட்டுவிட்டு வேறு ஒன்றை நிறுவு என்று பெயர் சொன்னான். மூன்றாமவன், இந்தக் காலத்திலும் ஏழா என்று சிரிக்கும் முகம் ஒன்று போட்டான். கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லக் கூடாது என்று இவர்களுக்கு எங்கேயோ பயிற்சி கொடுக்கிறார்கள்.

என் மகனைக் கேட்டிருந்தால் பத்து நிமிஷத்தில் செய்து கொடுத்திருப்பான், அவன் தொழிலே அதுதான். ஆனால் எதற்கு என்று கேட்பான்.

ஆகவே நானே இறங்கினேன். இணையம் பார்க்கும் உலாவியிலேயே அந்த ஏற்பாடு இருக்கிறது என்று கண்டுபிடித்தேன். ஏழுக்கு வந்த கடைசிப் பதிப்பிலும் இருந்தது. அமைப்புகளுக்குள் போய், ஒரு பெட்டியில் டிக் போட்டேன். அவ்வளவு சுலபமா என்று எனக்கே ஆச்சரியம். அந்த வாரம் பதிவு ஆபீஸின் தளத்துக்கு மூன்று முறை போனேன். எந்தெந்தத் தாள் வேண்டும் என்று குறித்துக்கொண்டேன். ஞாயிற்றுக்கிழமை காபி டம்ளரோடு நிம்மதியாகப் போய் உட்கார்ந்தேன்.

மாமா கண்ணாடியை மூக்குத் தண்டில் இறக்கிக்கொண்டார். "ரெண்டாம் மாடி மாமி. பஞ்சாங்கம். கிரிக்கெட் ஸ்கோர். அப்புறம்…" என்று நிறுத்தி, எல்லாரையும் ஒரு சுற்று பார்த்தார். "மேரேஜ் ரெஜிஸ்ட்ரேஷன். மூணு தடவை."

படிக்கட்டில் யாரும் காபி குடிக்கவில்லை.

பாங்க்கில் வேலை பார்த்தவளுக்குப் பொய் அவசரத்துக்கு வரும். "ஃபேமிலி பென்ஷனுக்கு எங்க கல்யாண சர்ட்டிஃபிகேட் கேக்கறா. அந்தக் காலத்துல யார் ரெஜிஸ்டர் பண்ணினா? எப்படி வாங்கறதுன்னு பாத்தேன்" என்றேன்.

"அதானே பாத்தேன்" என்றார் மாமா. ஏமாற்றமாகத்தான் சொன்னார். பக்கத்திலேயே பென்சிலால் பென்ஷன் என்று குறித்துக்கொண்டார்.

வீட்டுக்கு வந்து உலாவியின் அந்த டிக்கை முறைத்தேன். கீழே பொடி எழுத்தில் இருந்ததை அப்போதுதான் படித்தேன். பூட்டிய வழி கிடைக்காவிட்டால், சொல்லாமல் கொள்ளாமல் பழைய திறந்த வழிக்கே போய்விடுமாம். என்ன ஒரு மரியாதை! கதவு பூட்டவில்லை என்றால் பூட்டவில்லை என்று சொல்ல வேண்டாமா? பூட்டின மாதிரி ஒரு டிக்கைக் காட்டிவிட்டுக் கதவைத் திறந்து வைத்திருக்கிறது. இதை எழுதியவன் கண்டிப்பாக எங்கள் சங்கத்தில் காரியதரிசியாக இருந்திருப்பான்.

உலாவியை நம்பக் கூடாது என்று தீர்மானித்தேன். கம்ப்யூட்டருக்குள்ளேயே உட்கார்ந்துகொண்டு, அது கேட்கும் எல்லாப் பெயரையும் வாங்கி, உறையில் போட்டு அனுப்பும் ஒரு குட்டி நிரல் உண்டு. இலவசம். புதுப் பதிப்பை இறக்கினேன், ஏழில் திறக்கவே மறுத்தது. அதற்கு முந்தியது, அதற்கும் முந்தியது என்று பின்னால் நடந்து, ஒன்பதாவது பதிப்பு ஒருவழியாகத் திறந்தது. பிறகு நெட்வொர்க் அமைப்பில், யாரிடம் விசாரிக்க வேண்டும் என்ற கட்டத்தில் மாமாவின் பெட்டியின் எண்ணை அழித்துவிட்டு, நூற்றிருபத்தேழு, பூஜ்யம், பூஜ்யம், ஒன்று என்று போட்டேன். எந்தக் கம்ப்யூட்டருக்கும் அது தன்னையே குறிக்கிற எண். வெளியே யாரையும் கேட்காதே, உன்னையே கேட்டுக்கொள் என்று அதற்கு அர்த்தம். அந்த எண்ணைத் தட்டியபோது எனக்கு ஏற்பட்ட சந்தோஷம் கொஞ்சநஞ்சமல்ல.

சந்தோஷம் மறுநாள் காலை வரைக்கும்தான். மறுநாள் எந்தத் தளமும் வரவில்லை. ஒன்றுகூட இல்லை. இந்தக் குட்டி நிரலுக்கு அந்த உலாவியின் நயவஞ்சகம் கிடையாது. பூட்டிய வழி கிடைக்காவிட்டால் ஊமையாகிவிடும், பழைய வழிக்குப் போகாது. அந்த நேர்மை எனக்குப் பிடித்தது, ஆனால் இணையம் வேண்டுமே. நிரல் எழுதி வைத்திருந்த குறிப்பைத் திறந்து படித்தேன். வெளியூர் விசாரணைக்காரரின் சான்றிதழ் இன்னும் அமலுக்கே வரவில்லை என்று சொன்னது. எப்படி வராமல் இருக்கும்? மூலையில் இருந்த தேதியைப் பார்த்தேன். பத்துப் பதினைந்து வருஷம் பின்னால் இருந்தது.

இது எனக்குப் புதிய விஷயமே இல்லை. கம்ப்யூட்டருக்குள் கடிகாரத்தை ஓட்ட ஒரு பொத்தான் பேட்டரி இருக்கும், அது செத்து வெகு காலமாயிற்று. ஒவ்வொரு தடவை பவர் போனாலும் கம்ப்யூட்டர் தான் பிறந்த வருஷத்துக்கே திரும்பிப் போய்விடும். நான் காலையில் காபி கலந்துகொண்டே கையால் தேதியைத் திருத்துவேன். மூன்று வருஷமாக இதை ஒரு நித்தியக் கடமையாகச் செய்துகொண்டிருந்தேன், பல் தேய்ப்பது மாதிரி. உலாவி திறக்கிற நேரத்தில் தேதி தப்பாக இருக்கும், பூட்டிய வழி கிடைக்காது, உடனே அது திறந்த வழிக்கு ஓடிவிடும். அப்புறம் நான் தேதியைத் திருத்தி என்ன பயன்? ஒரு பேட்டரி மாற்றாத சோம்பேறித்தனம்தான் என்னைப் படிக்கட்டில் உட்கார வைத்து விசாரித்தது. மாமாவைத் திட்டுகிற வாயால் அன்றைக்கு என்னையும் திட்டிக்கொண்டேன்.

ஸ்டேஷன் பக்கத்துக் கடிகாரக் கடைக்குப் போய் அந்தப் பேட்டரியைக் கேட்டேன். எந்த வாட்சுக்கு என்றார் கடைக்காரர். கம்ப்யூட்டருக்கு என்றேன். கம்ப்யூட்டர் எத்தனை வயது என்று கேட்டுவிட்டு, "எங்க அப்பா மாதிரி, தினம் காலையில என்ன கிழமைன்னு சொல்லணும்" என்றார் வங்காள மொழியில். குக்கர் கைப்பிடி முடுக்கும் ஸ்க்ரூ டிரைவரால் கம்ப்யூட்டரைத் திறந்தேன். உள்ளே இருந்த தூசியில் ஒரு வெண்டைச் செடி வைக்கலாம். பழைய பேட்டரியை நெம்பி எடுத்து, புதியதை அழுத்தி, மூடி, தேதி சரியாக வைத்து, பிளக்கைப் பிடுங்கி மறுபடி செருகினேன். தேதி அப்படியே நின்றது. குட்டி நிரல் வாயைத் திறந்தது. உங்கள் விசாரிப்புகள் பூட்டப்பட்டிருக்கின்றனவா என்று சோதித்துச் சொல்லும் தளம் ஒன்று இருக்கிறது. அது ஆமாம் என்று பச்சையில் சொன்னது.

அன்று மத்தியானமே இரண்டு பேர் படத்தையும் ஏற்றி, தாள்களை ஏற்றி, விண்ணப்பத்தை அனுப்பினேன். பூஜா முடிந்து பத்தாவது நாள் அலிப்பூருக்கு வரச் சொல்லி நாள் கொடுத்தார்கள். மகன் வருவான், சொல்லுவேன், அவன் முகத்தைப் பார்ப்பேன், அவனையும் அழைத்துக்கொண்டு போவேன். அதற்குமேல் இந்த உலகத்திடம் எனக்கு எதுவும் வேண்டியிருக்கவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மாமா பட்டியலைப் புரட்டினார். "ரெண்டாம் மாடி மாமி," என்றார். தாளைத் திருப்பிப் பார்த்தார். "ஒண்ணும் இல்லை."

எல்லாரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். ஒரு பெண்ணைப் பற்றிச் சொல்ல ஒன்றுமே இல்லை என்பதை அந்தப் படிக்கட்டு அதுவரை கேட்டதில்லை. இரண்டாவது வாரமும் ஒன்றும் இல்லை. மாமா மாடியேறி வந்து கம்பியை இழுத்துப் பார்த்தார். மூன்றாவது வாரம் வாசலில் நின்றுகொண்டார்.

"மாமி, லைன் வேலை செய்யறதோன்னோ?"

"செய்யறது."

"அப்போ ஏன் ஒண்ணுமே வரலை? பஞ்சாங்கம்கூட வரலையே."

"நான் ஒண்ணும் பாக்கறதில்லை மாமா. புஸ்தகம் படிக்கறேன்."

"அப்படியா," என்று சொல்லிவிட்டு என் கண்ணையும் நாக்கின் நிறத்தையும் பார்த்துவிட்டு இறங்கினார். பின்னாலேயே மிளகு ரசம் வந்தது. நான் ரசத்தைக் குடித்துவிட்டு, அந்த மனிதரின் மூளையை நினைத்து நன்றாகச் சிரித்தேன். சிரித்திருக்கக் கூடாது. நாலு சமையல் குறிப்பையும் ஒரு பஞ்சாங்கத்தையுமாவது திறந்த வழியில் வெளியே விட்டிருக்க வேண்டும். எதையும் ஒளிக்கத் தெரியாத கூட்டத்தில் பிறந்து வளர்ந்தவள், ஒளிக்கக் கற்றுக்கொண்டதும் அத்தனையையும் ஒளித்துவிட்டேன்.

திங்கட்கிழமை பகல் பன்னிரண்டு மணிக்கு மகன் கூப்பிட்டான். ஆபீஸ் நேரத்தில் அவன் கூப்பிட்டதே இல்லை. பருப்பு அடுப்பில் இருந்தது.

"அம்மா, உடம்பு நன்னா இருக்கா?"

"இருக்கு. ஆபீஸ் இல்லையா?"

"மூணு வாரமா உன் லிஸ்ட் வரலை."

எந்த லிஸ்ட் என்று கேட்டேன். நிஜமாகவே புரியவில்லை. அவன் சொன்னான்.

"மாமா ஞாயித்துக்கிழமை படிச்சு முடிச்சதும் உன்னோடதை மட்டும் போட்டோ எடுத்து எனக்கு அனுப்புவார். நான்தான் கேட்டுண்டேன், ரெண்டு வருஷமா. நீ தனியா இருக்கே. எப்போ கூப்பிட்டாலும் நன்னா இருக்கேன்னு ரெண்டே வார்த்தை. காலம்பற பஞ்சாங்கம் பாத்திருக்கா, சாயங்காலம் ஸ்கோர் பாத்திருக்கான்னு தெரிஞ்சா, சரி, அம்மா எழுந்து நடமாடறான்னு நெனச்சுப்பேன்."

எனக்குக் கோபம் வந்தது. நாலு வீட்டுக்கு முன்னால் வாசிக்கிறார் என்று நான் யாரை இத்தனை நாள் கேவலமாக நினைத்தேனோ, அவர் என் மகன் கேட்டுக்கொண்டதைத்தான் செய்திருக்கிறார். அதற்காக அவர்மேல் எனக்கு மரியாதை ஒன்றும் வந்துவிடவில்லை. மகன் மேல் இருந்தது கொஞ்சம் போயிற்று.

"அப்போ அந்த ரெஜிஸ்ட்ரேஷன்?" என்றேன்.

"பாத்தேன். பக்கத்துல பென்ஷன்னு மாமா எழுதியிருந்தார். பென்ஷன் பேப்பரெல்லாம் ஆறு வருஷம் முன்னாடி நான்தானேம்மா முடிச்சுக் குடுத்தேன்? எல்லாம் அப்பவே முடிஞ்சுபோச்சு. அப்பவே புரிஞ்சுது. நீயா சொல்லுவேன்னு காத்துண்டிருந்தேன். அதுக்கப்புறம் லிஸ்டே நின்னுபோச்சு. என்கிட்டேருந்துதான் மறைக்கறேன்னு தெரிஞ்சுது."

"பூஜாவுக்கு வருவியே, நேர்ல சொல்லணும்னு வெச்சிருந்தேண்டா."

"நான் வரலைம்மா. போன வாரமே டிக்கெட்டைக் கான்சல் பண்ணிட்டேன். நான் அங்க இருந்தா உனக்குச் சங்கடமா இருக்கும்னு நெனச்சேன். இப்போ லீவையும் வேற ஒருத்தருக்குக் குடுத்தாச்சு."

பருப்பு பொங்கி அடுப்பை அணைத்தது. அதை நான் துடைக்கவில்லை.

"யாரும்மா?" என்றான்.

அவனிடம் இருந்த எந்தப் பட்டியலிலும் அது இல்லை. தளத்தின் பெயர் தெரியும், எத்தனை தடவை என்று தெரியும், எந்தக் கிழமை என்று தெரியும். ஆள் தெரியாது. நான் சொன்னேன். வாத்தியாரின் பெயரைச் சொன்னேன், எங்கே பார்த்தேன் என்று சொன்னேன், எந்தத் தேதி என்று சொன்னேன். ஒரு மாதமாகக் கண்ணாடி முன்னால் சொல்லிப் பார்த்து வைத்திருந்த எந்த வாக்கியமும் வரவில்லை. லோன் விவரம் சொல்லுகிற மாதிரி வரிசையாகச் சொல்லி முடித்தேன். என் வாயால்தான் சொன்னேன்.

அவன் "சரிம்மா" என்றான். அவ்வளவுதான். என்ன முகத்தோடு சொன்னான் என்று எனக்குத் தெரியாது.